கடைப் பெயருக்கு விட்ட இடம்

'காலண்டர் ஆர்ட்' என்பது நம் விமர்சனத்தில் ஒரு வசைச் சொல். ஒரு கவிதையில் உணர்ச்சி மிகைப்பட்டால், ஒரு சினிமாவில் பின்னணி பளபளத்தால், ஒரு நாவலின் கதாநாயகி சற்றுக் கூடுதலாகக் கண்ணீர் விட்டால், இந்தச் சொல்லை எடுத்து வீசிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். வசைச் சொற்களில் ஒரு சௌகரியம் உண்டு. அவை யோசிக்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. காலண்டர் ஓவியம் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பிட்ட சில மனிதர்கள் கடைக்காரர்களின் பணத்தைக் கொண்டு செய்த காரியம் என்பது மறந்துபோகிறது. அந்த ஊர்களில் கோவில்பட்டி முக்கியமானது. அங்கு நடந்தது என்ன என்று பார்க்காமல் அந்தச் சொல்லைத் தொடர்ந்து உபயோகிப்பது விமர்சனமாகாது.

முதலில் அந்தப் பொருளையே பார்ப்போம். மேலேயும் கீழேயும் தகரப் பட்டை. நடுவில் முருகனோ லக்ஷ்மியோ. படத்துக்குக் கீழே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அச்சகம் அதைக் காலியாகவே அச்சிட்டு வைக்கும். பிறகு அதில் பலசரக்குக் கடையின் பெயரோ, ஜவுளிக் கடையின் பெயரோ, பருத்திக் கமிஷன் மண்டியின் பெயரோ வேறாக அச்சாகி ஏறும். ஒரே முருகன் ஓர் ஊரில் நகைக் கடைக்கும் இன்னோர் ஊரில் உரக் கடைக்கும் சொந்தமாவார். வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. டிசம்பர் கடைசியில் கௌண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காலண்டருக்காக வருகிறவர்கள்தான். ஓவியன் தன் கையெழுத்தை ஒரு மூலையில் சின்னதாகப் போட்டுக்கொள்கிறான். கடைப் பெயர் பெரிதாக நிற்கிறது. இந்த ஓவிய மரபின் பொருளாதாரம் முழுவதும் அந்தக் காலி இடத்தில் அடங்கியிருக்கிறது. அதன் அழகியலும் அங்கிருந்துதான் பிறக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இது கோவில்பட்டிப் பக்கம் ஏன் நடந்தது? கரிசல் மண்ணில் ஆரம்பித்தால் பதில் கிடைக்கும். மானாவாரிப் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. பருத்தி இருந்ததால் பஞ்சாலை வந்தது. லாயல் மில் 1891-இல் தோன்றியது. வறட்சி இருந்ததால் தீப்பெட்டி வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. காய்ந்த காற்று தீக்குச்சிக்கு உகந்தது. விளைச்சல் பொய்த்த வீடுகளில் கை வேலைக்கு ஆள் இருந்தது. சாத்தூர், கோவில்பட்டி என்று 'தீப்பெட்டி ஆபீஸ்கள்' பரவின. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டும். அச்சு யந்திரம் வந்த பிறகு அதற்கு வருஷம் முழுக்கத் தீனி வேண்டும். சிவகாசி காலண்டர் பிறந்தது இப்படித்தான். மண், பருத்தி, பஞ்சம், தீக்குச்சி, லேபிள், காலண்டர் என்று கோத்துப் பார்த்தால் கலை வரலாற்றின் ஓர் அத்தியாயம் வேளாண்மைக் கணக்காகத் தொடங்குவது தெரியும்.

இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக வந்து சேர்ந்தவர் சி. கொண்டையராஜு. 1898-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர். வெள்ளைக்காரன் வகுத்த பாடத்திட்டத்தில் உடற்கூறும் தூரநோக்கும் ஒளியும் நிழலும் கற்றவர். பிறகு சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். 1940-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு கம்பெனியோடு கோவில்பட்டி வந்தார். கம்பெனி கலைந்தது, அவர் தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் ஒரு ஸ்டூடியோ உருவாயிற்று. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். 1976-இல் அவர் மறையும்வரை, அதற்குப் பிறகு சீடர்களின் கையாலும், தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கிய சாமிகளில் பெரும் பங்கு இந்த ஒரு வட்டத்திலிருந்து போனது. பல படங்களில் குருவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். தனிமனித மேதை என்ற நம் நவீனக் கற்பிதத்துக்கு அந்த இரட்டைக் கையெழுத்து பழக்கமில்லாத ஒன்று.

ஸ்டூடியோவின் வேலை காலண்டர் மட்டுமல்ல. நாடகத்துக்குத் திரை எழுதினார்கள். புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்க மாடமும் படிக்கட்டும் பூங்காவும் எழுதினார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டினார்கள். இறந்துபோனவரின் சின்னப் புகைப்படம் ஒன்றைக் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தால், அதைப் பெரிதாக்கி, மங்கிய கண்ணைத் தெளிவாக்கி, தோளில் ஒரு துண்டைச் சேர்த்துக் கொடுப்பதும் இம்மாதிரி ஸ்டூடியோக்களின் அன்றாட வேலை. அந்த அப்பாவின் படமும், கடை கொடுத்த லக்ஷ்மியும், வீட்டில் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டுக்கும் பூ வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பல்ப் எரிந்தது. இரண்டிலும் ஒரே பயிற்சி பெற்ற தூரிகையின் வேலை. மனித முகத்துக்குக் கொஞ்சம் தெய்வக் களையும் தெய்வ முகத்துக்குக் கொஞ்சம் அக்கம்பக்கத்து மனிதச் சாயலும் வந்து சேர்ந்ததற்கு வேறு தத்துவ விளக்கம் தேவையில்லை.

ராஜா ரவிவர்மாவோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பாதி சரி. 1894-இல் பம்பாய்ப் பக்கம் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபோதே தெய்வங்கள் எண்ணெய் வர்ணத்தின் சதையோடு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. ஆனால் ரவிவர்மா அரண்மனைகளிலிருந்து சந்தைக்கு இறங்கியவர். அவருடைய புராண நாயகிகள் திரும்பி நிற்பார்கள், யோசிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். நாம் பார்ப்பதை அவர்கள் அறியமாட்டார்கள். கோவில்பட்டிச் சாமிகள் அப்படி இல்லை. நேரே நம்மைப் பார்க்கிறார்கள். பின்னால் தர்பார்த் தூண்கள், சுருட்டிக் கட்டிய வெல்வெட் திரை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. நாடக மேடையில் ராஜபார்ட் வந்து நின்று முதல் பாட்டை எடுக்கும் நிலை அது. திரை எழுதிய கை, திரைக்கு முன்னால் நிற்பவரையும் எழுதத் தொடங்கியது என்றால் விஷயம் முடிந்தது. கும்பிடுகிறவனுக்கு நேர்ப்பார்வை வேண்டும். கருவறையிலும் அதுதான் விதி. மேடையும் கருவறையும் சந்திக்கிற ஓர் இடத்தைக் கொண்டையராஜு கண்டுபிடித்தார். இதைக் கலாபூர்வமான தீர்வு என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

இனி, இந்தப் படங்களில் இல்லாத ஒன்று. இவற்றில் எங்கும் தண்ணீர். தாமரைக் குளம், அருவி, அன்னம் மிதக்கும் ஓடை, பனி உருகும் கைலாசம். ஸ்டூடியோவுக்கு வெளியே நிலம் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கால் போகும். ஓர் உடைமரம் கூட, ஒரு பருத்திச் செடி கூட, கறுப்பு மண் ஒரு பிடி கூட இந்தப் படங்களுக்குள் வரவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இடைசெவல் இருக்கிறது. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரர்கள். இருவரும் 1920-களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள். கொண்டையராஜு கோவில்பட்டியில் தூரிகை பிடித்திருந்த அதே வருஷங்களில் இவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். உரைநடை கரிசலை உள்ளே கொண்டுவந்தது. ஓவியம் அதை வெளியே நிறுத்தியது. ஒரே மண், ஒரே காலம். ஏன் இந்த வித்தியாசம்?

ஓவியர்கள் யதார்த்தத்தைக் கண்டு ஓடினார்கள் என்பது சுலபமான பதில். அதை விட எளிமையான, ஆனால் கடினமான பதில் ஒன்று உண்டு. அழகிரிசாமியின் கதை சென்னைப் பத்திரிகைக்குப் போனது. கரிசலைப் பார்த்திராத வாசகனுக்குக் கரிசலைச் சொல்ல வேண்டியிருந்தது. காலண்டர் பக்கத்துத் தெரு வீட்டுச் சுவருக்குப் போனது. அந்த வீட்டுக்காரிக்குக் கரிசலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரை ஒரு வருஷமாவது தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஆசை. கடைக்காரருக்கு அது தெரியும். ஓவியனுக்கும் தெரியும், ஏனெனில் அவன் அதே தெருவில் அதே தண்ணீருக்கு நிற்கிறவன். ஆகவே வறண்ட ஊரின் படத்தில் அருவி இருப்பதைப் பொய் என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அது ஒரு கோரிக்கை மனுவும்கூட.

சரித்திரத்தின் இன்னொரு கதவும் இங்கே இருக்கிறது. காலண்டர் அச்சிட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் இதே வட்டாரத்தில் கோயில் வாசல் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1895-இல் கழுகுமலையில் தேர் வீதியை ஒட்டிக் கலவரம். 1897-இல் கமுதிக் கோயில் நுழைவு. அதன் மேல் நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. நடுவில் 1899-இல் சிவகாசிக் கொள்ளை. இந்தக் காலம் பூமணியின் 'அஞ்ஞாடி' மூலம் 2012-இல் நம் இலக்கியத்துக்குள் விரிவாக வந்தது. கடைகளில் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டி, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கி, அச்சகம் வைத்து, அந்தச் சமூகம் எழுந்தது. 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் முதலில் நுழைந்த சிறு குழுவில் தாழ்த்தப்பட்டோருடன் ஒரு நாடாரும் இருந்தார். அடுத்த சில வருஷங்களில் கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்குகிறார். கோவில்பட்டிப் பாணியின் மீனாட்சி கல்யாணமும் ராமர் பட்டாபிஷேகமும் சிவகாசி யந்திரங்களில் ஏறுகின்றன.

படம் கோயிலைத் திறந்தது என்று சொன்னால் அது மிகை. கோயிலைத் திறந்தது போராட்டமும் சட்டமும். ஆனால் அர்ச்சகர் இல்லாமல், வாசல் இல்லாமல், தீட்டு இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் சாமியைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்தக் காகிதம். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரர்கள் சாமியை லக்ஷக்கணக்கில் அச்சடித்துத் தங்கள் கடைப் பெயரை அதன் காலடியில் போட்டார்கள். அந்தக் காலி இடத்தில் வியாபாரத்தோடு ஒரு பழைய கணக்கும் தீர்க்கப்பட்டது. அதே சமயம் இதை ஜனநாயகம் என்று கொண்டாடவும் என்னால் முடியவில்லை. கடை காலண்டரைக் கொடுத்தது வாடிக்கைக்காரருக்கு. பற்று வரவுப் பேரேட்டில் பெயர் உள்ளவருக்கு. ஊருக்கு வெளியே இருந்த தெருவுக்கு அது போய்ச் சேர்ந்தது தாமதமாகவும், பெரும்பாலும் காசு கொடுத்துமே.

இந்த ஏற்பாட்டில் ஓவியனுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன? ஒரு ரொக்கப் புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்போம்.

வரவுப் பக்கம் கனமானது. பிழைப்பு. சீடர்கள். தெருவில் மரியாதை. எந்த நவீன ஓவியனும் கனவிலும் காணாத அளவுக்குப் பார்வையாளர்கள். அந்தப் பார்வையாளர்கள் ஒரு கண்காட்சியில் ஐந்து நிமிஷம் நின்று போகிறவர்கள் அல்லர். வருஷம் முழுவதும் தினம் காலையில் படத்தைப் பார்க்கிறவர்கள். வருஷம் முடிந்தால் தேதியை வெட்டி எறிந்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். கொண்டையராஜுவை ஆராய்ந்த கனடாக்காரர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1995-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'பிரேம் போட ஏற்றது' என்று பொருள்படும். கஜ்ரி ஜெயின் 2007-இல் சிவகாசியையும் சேர்த்து இந்தியச் சந்தைப் படங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். இரண்டும் ஆங்கிலத்தில். ஆதிமூலமும் பாஸ்கரனும் நம் சிறுபத்திரிகைகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்த காலத்தில், கோவில்பட்டி நம் கண்ணில் படவில்லை.

பற்றுப் பக்கமும் கனம்தான். படம் விற்றால் அதோடு எல்லாம் முடிந்தது. மூல ஓவியம் பதிப்பாளருடைய பெட்டிக்குள் போய்விடும். உரிமை அவருடையது. அடுத்த வருஷம் அதே முகத்தை வைத்துப் புடவை நிறத்தை மாற்றலாம், வலது கையைத் திருப்பலாம், பின்னால் வேறு மலை வைக்கலாம். அச்சகத்து ஆட்களே அதைச் செய்துவிடுவார்கள். விற்ற முகம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும். விற்காத முகம் ஏஜெண்டின் சாம்பிள் ஆல்பத்திலிருந்து போய்விடும். தீபாவளிக்கு முன்பே ஆல்பத்தோடு புறப்படுகிற அந்த ஏஜெண்ட்தான் இந்தக் கலையின் உண்மையான விமர்சகன். 'இது ஓடாது' என்பது அவனுடைய ஒரே விமர்சன வாக்கியம். ஒரு ஓவியன் தன்னையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்படி இதைவிட உறுதியாக யாரும் நிர்ப்பந்திக்க முடியாது.

இதைவிடப் பெரிய பற்று ஒன்று உண்டு. லக்ஷ்மி காசு சொரிகிற படத்தை அச்சிட்ட அதே ஊர்களில், தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் விடிகிற முன்னாலிருந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லும்வரையிலும், அதற்குப் பின்னும், அது இந்த வட்டாரத்தின் பெரிய அவமானம். அந்தக் குழந்தைகள் வீட்டிலும் இந்தப் படங்கள் தொங்கின. கோவில்பட்டி ஓவியம் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. கீழே கடைப் பெயருக்கு இடம் விட்ட பிறகு, மேலே எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இல்லை. இந்த ஓவியர்களிடம் இல்லாமற்போனது திறமை அல்ல, ரஸனை அல்ல, பயிற்சி அல்ல. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை ஒன்றுதான். காலண்டர் ஓவியத்தை மதிப்பிட வேண்டிய அளவுகோல் இது. வர்ணம் கூடிவிட்டது, கன்னம் சிவந்துவிட்டது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற சின்ன விஷயங்கள்.

மறுபக்கம் அந்த உரிமையைத் தேடிப் போனவர்களும் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடலோரம் சோழமண்டலம் எழுந்தது. கொண்டையராஜு படித்த அதே கலைப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். அதே மாதிரி கூடி வாழ்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற கனவு. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் தங்கள் ஓவியத்தைச் சந்தைக்குத் தலை வணங்காமல் காத்துக்கொண்டார்கள். கலைக்கும் கடைக்கும் நடுவே ஒரு சுவர் வைத்தார்கள். அதனால் நமக்கு நல்ல ஓவியங்கள் கிடைத்தன. அந்தச் சுவரின் விலை, தெருவில் போகிறவனுக்கு அந்த ஓவியங்களோடு எந்த உறவும் இல்லாமற்போனது. கோவில்பட்டியிலேயே இன்னோர் உதாரணம்: கவிஞர் தேவதச்சன் இதே ஊர்க் கடைத்தெருவில் நகைக் கடை வைத்திருந்தவர்; அவர் கடை இலக்கியப் பேச்சுக்குப் பெயர் பெற்றது. கவிதை கடையிடம் காசு கேட்கவில்லை. கடை கவிதையிடம் லக்ஷ்மியைக் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று நிர்ப்பந்திக்காமல் இருந்தன. நவீனத்துவத்தின் நிபந்தனை அது.

இப்போது ஸ்டூடியோவின் உலகம் பெரும்பாலும் போய்விட்டது. நாடகத் திரைக்குத் தேவை இல்லை. வர்ணப் புகைப்படம் வந்து தூரிகையை ஒதுக்கியது. 2000-க்குப் பிறகு பிளக்ஸ் பேனர் வந்து போர்டு எழுதுகிறவர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. சிவகாசி இன்னமும் காலண்டர் அச்சிடுகிறது. பழைய முகங்கள் கம்ப்யூட்டரில் துடைக்கப்பட்டு, கையெழுத்து மூலை வெட்டப்பட்டு, மறுபடி வருகின்றன. கண்ணாடி உடைந்த பழைய படங்களைக் குப்பையில் போட மனம் வராமல் கோயில் மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். மழையில் வர்ணம் கரைகிறது. தமிழ்நாட்டில் எந்த ஓவியனுக்கும் கிடைக்காத பெரிய கண்காட்சி அந்த மரத்தடிகளில் நடந்துகொண்டிருக்கிறது; பட்டியல் எடுக்கத்தான் ஆள் இல்லை.

முந்நூறு பிரதி அச்சிட்டு, நண்பர்களிடம் சந்தா வசூலித்து, எவரிடமும் கைகட்டி நிற்காமல் எழுதுகிற நமக்குக் கோவில்பட்டி ஒரு கேள்வியை வைக்கிறது. அவர்களிடம் எல்லாம் இருந்தது: தெரு, வாசகன், சீடன், கூலி. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. நம்மிடம் அது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அவர்களால் சொல்ல முடியாத எதை நாம் சொல்லியிருக்கிறோம் என்று கணக்கு எடுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. கணக்கு நேராகும்வரை 'காலண்டர் ஆர்ட்' என்ற வசையைச் சற்று ஓரமாக வைத்திருக்கலாம்.